திருகோணமலையில் சந்தை ஆய்வு: ஒரு கப் தயிரை வைத்து முழுச் செய்முறை

மூதூர்ப் பக்கம் எருமைத் தயிர் போடும் பண்ணையாளர்கள் சிலர் சேர்ந்து, மண்சட்டியோடு கப்பில் அடைத்த தயிரையும் நகரக் கடைகளில் வைத்துப் பார்க்க நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது சின்னத் தொகையும் ஆறு வாரமும். கொழும்பு நிறுவனம் ஒன்றை அமர்த்தக் கட்டாது. முகநூலில் ஒரு வாக்கெடுப்புப் போட்டால் என்ன என்று யாராவது கேட்பார்கள். போடலாம். தயிர் வாங்காத பொடியன்களும் கனடாவில் இருக்கும் சொந்தக்காரரும் வாக்களிப்பார்கள். நகரத்தில் யார் வாங்குவார் என்பது மட்டும் தெரியாது.

சந்தை ஆய்வு கெட்டுப்போகிற இடம் பெரும்பாலும் வீட்டு வாசல்தான். யாரைக் கேட்டோம், எப்படிக் கேட்டோம் என்பது அங்கே பிழைத்துவிட்டால், பிறகு எந்த மென்பொருளும் அதைத் திருத்தாது. ஆகவே இந்தக் குறிப்பில் வாசலுக்குத்தான் கூடுதல் இடம்.

கேள்விக்கு முன்னால் முடிவு

ஒரு தாளை எடுத்து, ஆய்வு முடிந்த மறுநாள் எடுக்கவேண்டிய முடிவுகளை எழுதுங்கள். தயிருக்கு அவை மூன்று: கப் எந்த அளவு, விலை என்ன, முதலில் எந்தக் கடைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே "இந்த விடை வந்தால் இதைச் செய்வோம்" என்று எழுதுங்கள். அப்படி எழுத வராத கேள்வி வினாக்கொத்துக்குள் வரக்கூடாது. "உங்கள் ஆண்டு வருமானம் எவ்வளவு?" என்பது பெரும்பாலும் இங்கேயே விழுந்துவிடும். விழட்டும்.

அடுத்து, இருக்கிற தரவைப் பாருங்கள். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமானச் செலவின ஆய்வு, எதற்கு எவ்வளவு செலவாகிறது என்பதை மாவட்ட வாரியாகக் காட்டும். 2012 தொகைமதிப்பின்படி மாவட்டத்தில் பத்துக்கு நான்கு பேர் முஸ்லிம்கள், மூன்று பேர் தமிழர், கால்வாசிக்குச் சற்று மேல் சிங்களவர். நகரத்தில் தமிழ் மட்டும் பேசும் நாலு பேரைக் கேட்டுவிட்டு "திருகோணமலை இப்படிச் சொல்கிறது" என்று எழுதினால் எவ்வளவு பேர் விடுபட்டுப் போவார்கள் என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லும்.

யாரைக் கேட்பது

மாவட்டத்தில் 11 பிரதேச செயலாளர் பிரிவுகள், 230 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள். நம் தயிருக்கு முழு மாவட்டமும் தேவையில்லை. பட்டினமும் சூழலும் (திருகோணமலை நகரம் அடங்கும் பிரிவு), கிண்ணியா என்ற இரண்டு பிரதேச செயலாளர் பிரிவுகள் போதும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு இரண்டும் ஒரே வாகனச் சுற்றில் அடங்குகின்றன.

200 வீடுகள், 20 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள், பிரிவுக்கு 10 வீடு. தெரிவு இப்படி. இந்த இரண்டிலும் உள்ள எல்லாக் கிராம உத்தியோகத்தர் பிரிவுகளையும் குடும்ப எண்ணிக்கையோடு வரிசையாக எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மொத்தம் 40,000 குடும்பம் என்று வைத்தால், 20ஆல் பிரிக்க இடைவெளி 2,000. 1க்கும் 2,000க்கும் இடையில் ஒரு எண்ணை எழுமாற்றாக எடுங்கள். 730 வந்தால், கூட்டுத்தொகை 730, 2,730, 4,730 என்று எந்தெந்தப் பிரிவில் விழுகிறதோ அவைதான் உங்கள் 20 பிரிவுகள். பெரிய பிரிவுக்குக் கூடுதல் வாய்ப்பு, சின்னதுக்குக் குறைந்த வாய்ப்பு, கணக்கு நியாயமானது. "உவர்மலையில எனக்கு ஆள் இருக்கு, அங்க செய்வம்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

பிரிவுக்குள் போனதும் தொடங்கும் இடத்தை வரைபடத்தில் புள்ளி குத்தித் தெரியுங்கள். சந்தியில் தொடங்கினால் கடைக்காரர் வீடுகளும் கல்வீடுகளும்தான் அகப்படும். புள்ளியிலிருந்து வலது கைப் பக்கமாக நடந்து ஐந்தாவது வீடு, பிறகு ஐந்தாவது வீடு. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் இடத்தில் மூன்றாவது வீடு. நாய் நிற்கிற வீடு, மாடி வீடு, ஒழுங்கையின் கடைசி வீடு ஆகியவற்றைக் களப்பணியாளர் தாண்டிப் போவது எங்கும் நடக்கிறது. மேற்பார்வையாளர் பின்னால் நடந்து எண்ணிப் பார்த்தால் மட்டுமே அது தெரியவரும். பூட்டிய வீட்டுக்கு வேறு வேறு நேரத்தில் மூன்று தரம் போங்கள். மாற்று வீடு எடுத்தால் காரணத்தைக் குறியுங்கள்.

200 என்ற எண்ணால் எதைச் சொல்லலாம்? எழுமாற்றாக எடுத்த 200 பேரிடம் பாதிப்பேர் "ஓம்" என்றால் வழு எல்லை (உண்மை நிலையிலிருந்து விடை விலகக்கூடிய அளவு) ஏறத்தாழ 7 சதவீதப் புள்ளி, மேலும் கீழும். 385 பேர் என்றால் 5 புள்ளி. ஆனால் ஒரே ஒழுங்கையில் பத்து வீடு எடுக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் ஒரே கடையில் வாங்குவதால் அவர்களுடைய விடையும் ஒத்துப்போகும். இந்தக் கொத்து விளைவை 1.5 என்று எடுத்தால், 200ஐ 1.5ஆல் பிரிக்க, 200 பேர் 133 பேருக்குச் சமம், வழு 8.5 புள்ளி. பிரிவுக்கு 20 வீடாக 10 பிரிவு எடுத்தால் பயணச் செலவு மிச்சமாகும். வழுதான் இன்னும் கூடும்.

வாசலில்

கேட்பவருக்குத் தெரியாத பெரிய பிரச்சினை ஒன்று இங்கே உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகும் போருக்குப் பிறகும் இந்த மாவட்டத்து வாசல்களில் படிவம் தூக்கியவர்கள் எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். படிவம் என்றால் நிவாரணம் என்று ஒரு பழக்கம் ஏறிவிட்டது. இப்போது அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவும் சேர்ந்திருக்கிறது. "தயிர் வாங்கிறியளா?" என்று கேட்டால், "வாங்கிறம்" என்று சொன்னால் பட்டியலிலிருந்து வெட்டிவிடுவார்களோ என்று ஒருவர் "எங்க தம்பி வாங்கிற வசதி" என்பார். உள்ளே அடுப்படியில் மூன்று சட்டி கவிழ்த்து வைத்திருக்கும்.

ஆகவே முதல் அரை நிமிடத்தில் இதைச் சொல்லுங்கள்: "அக்கா, நாங்கள் மூதூர்ப் பக்கத்துத் தயிர் போடுறவைக்காக வந்திருக்கிறம். இது நிவாரணப் பதிவில்லை, அஸ்வெசுமக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. கால் மணித்தியாலம் எடுக்கும். விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்லாம விடலாம். பேரை எழுத மாட்டம்." ஆரம்பத்தில் அடையாள அட்டை காட்டுவது, தெரிவான பிரிவின் கிராம உத்தியோகத்தருக்கு முதல் நாளே தகவல் சொல்வது, இரண்டும் கட்டாயம். ஆனால் கிராம உத்தியோகத்தரைக் கூடவே கூட்டிக்கொண்டு போகவேண்டாம். அவர் வந்து நின்றால் உண்மை உள்ளே போய்விடும்.

நேரம் பார்க்கத் தெரியவேண்டும். இரவில் கடலுக்குப் போகிறவர் உள்ள திருக்கடலூர் போன்ற கரையோரத்தில் காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டுவது நித்திரையைக் கெடுக்கும் வேலை. பின்னேரம் நாலுக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை ஜும்ஆத் தொழுகை நேரம், கிண்ணியாவிலும் ஜமாலியாவிலும் போய்ப் பயனில்லை. நோன்பு மாதத்தில் தயிர் வாங்கும் பழக்கமே வேறு. சாதாரண மாதத்தை அறிய வேண்டுமென்றால் அந்த மாதத்தைத் தவிருங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் களப்பணி வைத்தால் நாட்கள் இரட்டிப்பாகும். பகலில் வீட்டில் பெண்கள் மட்டும் இருப்பார்கள் என்பதால் ஒவ்வொரு சோடியிலும் ஒரு பெண் களப்பணியாளர் வேண்டும். அணியில் சிங்களம் பேசுபவர் ஒருவராவது இருக்கவேண்டும். வினாக்கொத்தையும் சிங்களத்தில் முன்கூட்டியே எழுதி வையுங்கள், வாசலில் நின்று வாயால் மொழிபெயர்த்தால் ஆளுக்கு ஒரு கேள்வியாகிவிடும்.

கதவைத் திறந்தவரையே கேட்டுவிட்டு வருவது அடுத்த பிழை. தயிர் வேண்டும் என்று சொல்பவர் ஒருவர், சந்தைக்குப் போய் வாங்கி வருபவர் இன்னொருவர். "வீட்டுக்கு என்ன சாமான் வாங்கிறது எண்டு முடிவெடுக்கிறது யார்?" என்று கேட்டு அவரோடு பேசுங்கள். விலைக் கேள்வி மட்டும் காசு கொடுப்பவருக்கு.

கேள்வியை வெட்டித் தைத்தல்

"எங்கள் தயிரின் சுவையும் தரமும் நல்லதா?" இதில் பிழை மூன்று. இரண்டு விஷயம் ஒரே கேள்வியில். "எங்கள்" என்றதும் மரியாதைக்கு "நல்லம்" வரும். "தரம்" என்றால் ஆளுக்கொரு பொருள். இந்த ஊரில் வாசலில் நிற்கிறவரை மனம் நோகவிடமாட்டார்கள். "பரவாயில்லை" என்பது சிலருக்குப் பாராட்டு, சிலருக்கு நிராகரிப்பு. ஐந்துப் புள்ளி அளவுகோலில் அந்தச் சொல்லை நடுவில் வைக்காதீர்கள்.

"வாரத்துக்கு எத்தனை தரம் வாங்குவீர்கள்?" என்ற கேள்வியும் வேண்டாம். மனிதர் சராசரி போட்டுப் பேசமாட்டார். இருக்கவேண்டிய அளவைச் சொல்வார். இப்படி மாற்றுங்கள்:

"கடைசியா வீட்டுக்குத் தயிர் வந்தது எப்ப?"
"யார் கொண்டு வந்தது?"
"எங்க வாங்கினது?"
"எந்த அளவுச் சட்டி?" (மூன்று அளவுச் சட்டிகளின் படத்தைக் காட்டி விரலால் தொடச் சொல்லுங்கள்.)
"அதுக்கு முதல் வாங்கினது எப்ப?"

கடைசி இரண்டு வாங்கலுக்கு இடைப்பட்ட நாட்கள்தான் அந்த வீடு தயிர் வாங்கும் வேகம். "அந்தச் சட்டி இப்ப இருக்கா?" என்று கேட்டுப் பார்த்துவிட்டால் அளவும் உறுதியாகும். பூங்கன்று நட்ட சட்டியும் கணக்குத்தான்.

மொத்தம் 20 கேள்வி, 15 நிமிடம். அதற்கு மேல் போனால் அடுப்பில் சோறு கொதிக்கிற நினைவில்தான் பதில் வரும். கிண்ணியாவில் புழங்கும் சொல்லும் நகரத்தில் புழங்கும் சொல்லும் வேறுபடும் இடங்கள் உண்டு, ஆகவே தெரிவான பட்டியலுக்கு வெளியே 12 வீட்டில் முன்னோட்டம் பாருங்கள். ஒரு கேள்வியை இரண்டு பேருக்கு மேல் "என்ன கேக்கிறியள்?" என்று திருப்பிக் கேட்டால் அதை மாற்றி எழுதவேண்டும். சமயமும் சாதியும் தயிர் விற்க உதவாது. கேட்டால் வீட்டுக்காரர் முகம்தான் மாறும்.

சுவையும் விலையும்

கப் தயிரையும் சட்டித் தயிரையும் ஒப்பிடும்போது இரண்டும் ஒரே நாள் போட்டதாக இருக்கவேண்டும். தயிர் நாளுக்கு நாள் புளிக்கும். மூன்று நாள் சட்டியும் நேற்றைய கப்பும் என்றால் நீங்கள் வயதைச் சோதிக்கிறீர்கள், கப்பை அல்ல. ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் வைத்து 5 பாகைக்குக் கீழே கொண்டுபோங்கள். ஒரே மாதிரி வெள்ளைக் கிண்ணம், மூன்றிலக்க எண் (427, 815 போல, 1, 2 என்றால் முதலாவதையே பிடிக்கும்). பாதிப்பேருக்கு 427 முதலில், மீதிப்பேருக்கு 815 முதலில். இடையில் ஒரு மிடறு தண்ணீர். சீனி, பாணி இல்லாமல் ஒரு தரம், விருப்பமென்றால் பிறகு பாணியோடு. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இதில எதை வாங்குவீங்க?"

விலைக்கு, "எவ்வளவுக்கு வாங்குவீர்கள்?" என்று கேட்டால் பேரம் பேசத் தொடங்குவார்கள். ஒருவருக்கு ஒரே விலையை மட்டும் சொல்லுங்கள். பாதிப்பேருக்கு 300 ரூபா, மீதிப்பேருக்கு 350 என்று போனே எழுமாற்றாகப் பிரிக்கட்டும். மூன்று விலை வைக்கும் ஆசையை அடக்குங்கள். 200 பேரை மூன்றாக்கினால் ஒரு குழுவுக்கு 67 பேர். இரண்டு விலைகளுக்கிடையில் 17 புள்ளி வித்தியாசம் இருந்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். இரண்டாக்கினால் 14 புள்ளி போதும்.

விடைகளில் "நிச்சயம் வாங்குவேன்" என்பதை மட்டும் எண்ணுங்கள். "வாங்கலாம்" என்பது இந்த ஊரில் மரியாதையான "இல்லை".

கடையில் நின்று எண்ணுதல்

வீட்டில் சொன்னதைக் கடையில் சரிபார்க்கவேண்டும். 30 கடைகளைப் பட்டியலிடுங்கள்: மத்திய வீதிப் பெரிய கடை, அனுராதபுரச் சந்தி, பாலையூற்றுப் பலசரக்குக் கடை, கிண்ணியாச் சந்தை, உப்புவெளி நிலாவெளி வீதிக் கடைகள் என்று கலந்து. நிலாவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகள் மே முதல் செப்டெம்பர் வரை கூடுவார்கள். அந்தக் காலக் கணக்கை ஆண்டு முழுவதுக்கும் நீட்டாதீர்கள்.

ஒவ்வொரு கடைக்கும் ஏழு நாள் இடைவெளியில் இரண்டு தரம் போங்கள். ஆரம்ப இருப்பு, கூட்டல் இடையில் வந்தது, கழித்தல் திருப்பி எடுத்தது, கழித்தல் இறுதி இருப்பு: மிஞ்சுவது விற்பனை. திருப்பி எடுத்ததைக் கழிக்க மறப்பதுதான் வழமையான பிழை. புளித்துத் திரும்பிய தயிரெல்லாம் விற்ற தயிராகக் கணக்கில் ஏறிவிடும். கூடவே பாருங்கள்: பிரிட்ஜில் தயிர் எந்தத் தட்டில், முன்னால் எத்தனை, காலாவதித் திகதி என்ன. இரவில் பிரிட்ஜை அணைக்கிறார்களா என்பதை முதலாளியைவிடக் கடைப்பொடியனிடம் கேட்பது நல்லது.

போனும் ஆளும்

தாளைவிட போன் நல்லது. கோபோ டூல்பொக்ஸ், ஓடிகே போன்ற கணக்கெடுப்புச் செயலிகள் இணையம் இல்லாமலே பதிவுசெய்யும், தமிழும் சிங்களமும் ஒரே படிவத்தில் வைக்கலாம், இருப்பிடத்தையும் நேரத்தையும் தானே குறிக்கும். தமிழை யூனிகோடில் மட்டும் தட்டுங்கள். பழைய எழுத்துருவில் தட்டிய வினாக்கொத்து போனில் குப்பையாகத் தெரியும். வெயிலில் திரை தெரியாது, ஆளுக்கொரு பவர் பேங்க் தேவை.

ஒருவர் நாளுக்கு 8 வீடு. நாலு பேர் என்றால் 32, மறுபடி போவதையும் சேர்த்து ஒன்பது நாளில் 200 முடியும். சம்பளத்தை நாட்கணக்கில் கொடுங்கள். படிவக் கணக்கில் கொடுத்தால் கடைசி நாட்களில் ஆலமரத்தடியில் இருந்து படிவம் நிரம்பும். 15 நிமிடக் கேள்வி 6 நிமிடத்தில் முடிந்திருந்தால், பத்து வீட்டின் இருப்பிடமும் ஒரே புள்ளியில் இருந்தால், வரிசையாக எல்லாவற்றுக்கும் "4" இருந்தால், அன்றிரவே ஆளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். 200இல் 30 வீட்டுக்கு மேற்பார்வையாளர் தானே தொலைபேசியில் பேசி மூன்று விஷயம் மட்டும் கேட்கவேண்டும்: ஆள் வந்தாரா, தயிர் சாப்பிடத் தந்தாரா, எந்தக் கடையைச் சொன்னீர்கள்.

அந்தத் தொலைபேசி இலக்கங்களை விடைகளிலிருந்து வேறான கோப்பில் வையுங்கள், சரிபார்ப்பு முடிந்ததும் அழியுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த வகைத் தரவைப் பற்றியதுதான். களப்பணியாளர் தன் சொந்த வட்ஸ்அப்பில் வீட்டுப் படம் அனுப்புவதை முதல் நாளே நிறுத்துங்கள்.

புதிதாக வந்தவை

வட்ஸ்அப் நாட்குறிப்பு பயனுள்ளது. 20 வீட்டுக்காரர் இரண்டு வாரம், தயிர் வாங்கிய அன்று மட்டும் ஒரு குரல் பதிவு அனுப்பினால் போதும். நாள், கடை, ஏன் அன்றைக்கு. மூன்றாம் நாள் சுருதி இறங்கும். ஒருவர் நேரில் போய் ஞாபகப்படுத்தவேண்டும். நன்றிக்குப் போனுக்கு ஒரு ரீலோட் போட்டுக் கொடுங்கள், முடிவில் மட்டும்.

அந்தக் குரலைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து எழுத்தாக்கலாம். "வாங்கினனான்", "இரிக்கி", "கிடக்கு" போன்ற பேச்சில் அது தடுமாறும், ஆகவே பத்துக்கு இரண்டு பதிவை ஆள் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். மனிதரைக் கேட்காமல் கணினி உருவாக்கிய "பதிலளிப்பாளரை" வைத்து முடிவெடுக்கச் சொல்லி இப்போது விற்கிறார்கள். கிண்ணியா அடுப்படியைப் பற்றி இணையத்தில் எழுதப்பட்டது மிகக் குறைவு. இல்லாததை அது எங்கிருந்து எடுக்கும்? கேள்வியின் சொற்களைச் சோதிக்க அதைப் பயன்படுத்துங்கள், விலைக்கு வேண்டாம். சமூக வலைத்தளத்தில் தேடும்போது "தயிர்" என்று தமிழில் மட்டும் தேடினால் பாதி அகப்படாது, ஏனென்றால் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள்.

எண்ணிலிருந்து கடைக்கு

விடை வந்தபின், நகரம், கிண்ணியா என்ற இரண்டு பிரதேச செயலாளர் பிரிவுகளிலும் குடும்பங்கள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்று முதலில் பாருங்கள். நகரத்துக்கும் கிண்ணியாவுக்கும் 60க்கு 40 என்று இருந்து, 200இல் 120, 80 என்று வரவேண்டிய இடத்தில் நீங்கள் முடித்தது நகரத்தில் 140, கிண்ணியாவில் 60 என்றால், நகர விடைக்கு நிறை 120/140 = 0.86, கிண்ணியா விடைக்கு 80/60 = 1.33. எக்செலில் ஒரு நிரலாகப் பெருக்கிக்கொள்ளலாம். 30 பேருக்குக் குறைந்த குழுவுக்குச் சதவீதம் எழுதாதீர்கள், "23 பேரில் 9 பேர்" என்று எழுதுங்கள்.

300 ரூபாவுக்கு 100 பேரில் 58 பேர், 350க்கு 47 பேர் "நிச்சயம்" என்றார்கள் என்று வையுங்கள். 11 புள்ளி வித்தியாசம் 14க்குள் அடங்குகிறது. மலிவு விலைதான் கூட விற்கும் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இங்கே ஆய்வை நிறுத்தி, ஆறு கடையில் நாலு வாரம் உண்மையிலேயே விற்றுப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் மூன்று கடையில் 300, மற்ற மூன்றில் 350. அடுத்த இரண்டு வாரம் மாற்றி வையுங்கள், அப்போதுதான் நல்ல கடை விலையின் பெயரில் புகழ் வாங்காது. பெருநாளும் புத்தாண்டும் அந்த நாலு வாரத்துக்குள் வரக்கூடாது.

ஒவ்வொரு பின்னேரமும் திருப்பி எடுக்கும் கப்பின் மூடியில் கடையையும் திகதியையும் மார்க்கரால் எழுதி, மூன்று பெட்டியில் பிரியுங்கள்: மூடி உப்பியதும் புளித்ததும் ஒன்றில், ஒழுகியது ஒன்றில், நல்லபடி இருந்தும் ஆள் வாங்காதது ஒன்றில். முதற்பெட்டி நிறைந்தால் கடையின் பிரிட்ஜைப் போய்ப் பாருங்கள், இரண்டாவது நிறைந்தால் கப் அடைக்கும் இடத்தைப் பாருங்கள். விலையைப் பற்றிப் பேசவேண்டியது மூன்றாவது பெட்டி நிறைந்தால் மட்டும்தான்.